டி, எச், எம், என், இசட்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு வெளிய வேடிக்கை பாக்கறதுல பெருசா ஆசையில்ல, பேச ஒரு ஆள் கிடைச்சாப் போதும். திண்டுக்கல்லா போறீங்க? நல்லதாப் போச்சு. நான் மணப்பாறையில எறங்கிடுவேன். அது வரைக்கும் உங்களுக்குத் தூக்கம் வராது, அதுக்கு நான் கியாரண்டி. மருதமுத்துன்னு பேரு சார். திருச்சியில ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்‌ஷன்ல ரொம்ப வருஷம் நின்னவன். பேச்சுதான் நமக்குத் தொழிலே.

உங்களுக்கு இங்கிலீஷ் வருமா? பெருசா வேணாம், சும்மா பேப்பர் படிக்கிற அளவுக்கு வந்தாப் போதும். ஒரு வார்த்தை கேக்குறேன், சொல்லுங்க பாப்போம். டி, எச், எம், என், இசட். டின்னா டைகருக்கு வர்ற டி. இந்த அஞ்சு எழுத்தும் உள்ள இருக்கணும். முன்னப் பின்ன எப்படி வேணா வரலாம், நடுவுல வேற எழுத்து எத்தனை வேணாலும் சேத்துக்கலாம். ஆனா ஒரே வார்த்தையா இருக்கணும். யோசிங்க, அவசரமே இல்ல. கண்டக்டர் டிக்கெட் போட்டு முடிக்கட்டும்.

வரல இல்ல? வராது சார். எனக்கே ரெண்டு மாசமா வரல. இப்பத்தான் கிடைச்சுது. கையோட பஸ் ஏறிட்டேன். சொல்றேன், சொல்றேன். மொதல்ல கதையக் கேளுங்க, அப்பத்தான் அந்த வார்த்தையோட அருமை தெரியும்.

முழங்கால் போனதும் ஜவுளிக்கடை வேலைய விட்டுட்டேன். விட்டுட்டு சொந்தமா ஒரு ரெடிமேட் கடை போட்டேன். ஓடல. அதுல என் தப்பு ஒண்ணும் இல்ல சார். வர்றவங்கள உக்கார வச்சு எவ்வளவு அன்பாப் பேசுவேன் தெரியுமா? மத்த கடைக்காரன் மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்க மாட்டேன். இந்தச் சட்டைத் துணி எங்க நெய்யறாங்க, சாயம் எப்படி ஏத்துறாங்க, எல்லாம் வெவரமாச் சொல்லுவேன். கேட்டுட்டு, "இதோ வந்துடறேண்ணே"ம்பான். போனவன் போனவன்தான். ஏன் இப்படி ஆச்சுன்னு மண்டையப் போட்டுக் கொடைஞ்சு பாத்ததுல கடைசியில விஷயம் புரிஞ்சுது. கடைக்கு வச்ச பேரு சரியில்ல.

அந்தக் கடைய மூடின பிறகு குடும்பம் ஓடினது நம்ம வீட்லயாலதான். வீட்லன்னா என் சம்சாரம். மத்தியானத்துக்குப் பக்கத்துல வேலை பாக்குற பசங்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பிச்சுது. எங்க வீட்டு ஹால்லயே பாய் விரிச்சு உக்காந்து சாப்பிடுவானுங்க. வீட்ல மீன் குழம்பு வச்சா தெரு முனையில திரும்பும்போதே தெரியும் சார், ஊருக்குப் போறவன் கூட ஒரு நிமிஷம் நிப்பான். "அக்கா, அக்கா"ன்னு அத்தனை பேரும் உசுரா இருப்பானுங்க. நானும் சும்மா இருக்க மாட்டேன். அவனுங்க சாப்பிடற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டு இருப்பேன்.

கூட்டம் தாங்கலன்னு எதிர்த் தெருவுல ஒரு கடை பாத்தோம். மெஸ்ஸு. மேஜை, ஃபேன், கை கழுவ பேசின், எல்லாம் வந்துடுச்சு. பேரு மட்டும்தான் பாக்கி. இந்தத் தடவை ஏமாறக் கூடாதுன்னு, ஸ்ரீரங்கத்துல நாகரத்தினம்னு ஒருத்தர், எண் கணிதத்துல பேரு பாத்துச் சொல்றவரு, அவர்கிட்டப் போனோம். நானும் வீட்லயும். எங்க பிறந்த தேதி எல்லாம் வாங்கிக் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும்போது என் பொண்ணு அகிலா ஓசூர்லேருந்து போன் பண்ணிட்டா. வெளிய போயிப் பேசினேன். நான் பேச ஆரம்பிச்சா எப்படின்னு உங்களுக்குத்தான் இப்பத் தெரியுமே, கொஞ்சம் நேரம் ஆயிடுச்சு. திரும்பி உள்ள வந்தா, "அப்ப அடுப்புல நிக்கிறது நீதானம்மா?"ன்னு அவரு வீட்ல கிட்டக் கேட்டுக்கிட்டு இருக்காரு. வீட்ல தலையக் குனிஞ்சு சிரிச்சுக்கிட்டு நிக்குது.

என்னப் பாத்ததும் மூஞ்சிய மாத்திக்கிட்டாரு. "ஐயா, உங்க கடைப் பேர இங்கிலீஷ்ல எழுதினா இந்த அஞ்சு எழுத்தும் ஒரே வார்த்தையில வந்தாகணும். டி, எச், எம், என், இசட். தேடுங்க, கிடைக்கும். ரொம்பத் தூரம் போகாதீங்க"ன்னாரு. "நான் என்ன சென்னைக்கா போயித் தேடப் போறேன்"னு சொல்லிச் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. வீட்லயும் சிரிச்சுது. அன்னிக்கு எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருந்தோம் சார்.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது வேட்டை. சாதாரணமா நெனைக்காதீங்க. டி வந்தா இசட் வராது. இசட் வந்தா எச் வராது. எங்க தெருவுல பிலோமினா டீச்சர்னு ஒருத்தங்க டியூஷன் எடுக்குறாங்க. அவங்களப் போயிப் பிடிச்சேன். யோசிச்சு யோசிச்சு, "ஹார்மனைஸ்"னாங்க. ஹார்மோனியப் பெட்டி மாதிரி அழகான பேரு, எல்லாத்தையும் ஒத்துப்போக வைக்கிறதுன்னு அர்த்தமாம். எழுதிப் பாத்தா டி இல்ல. ஒரே ஒரு எழுத்து! அதுக்கடுத்து "ரைசோம்"னாங்க. இஞ்சி, மஞ்சள் மாதிரி மண்ணுக்குள்ள ஓடுற தண்டுக்கு அந்தப் பேராம். சமையலுக்குப் பொருத்தம்தான், ஆனா அதுல டியும் இல்ல, என்னும் இல்ல. போதாததுக்கு எங்க பசங்ககிட்டச் சொன்னா, "ரைஸ் ஓமா? ஓமப்பொடி போட்ட சோறாண்ணே?"ங்கறானுங்க. அப்புறம் டீச்சர் என்னப் பாத்தாலே டியூஷன் ரூம் கதவச் சாத்த ஆரம்பிச்சுட்டாங்க. படிச்சவங்களுக்கே பொறுமை இல்ல சார்.

நடுவுல ஒரு நாள் வீட்ல வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டுச்சு. "ஏங்க, தமிழ்ப் பேரா இருந்தா ஆகாதா?"

எனக்குச் சிரிப்பு தாங்கல. "இங்கிலீஷ் எழுத்துன்னு ஜோசியரே சொல்லிட்டாரு. தமிழ்ல இசட்டு எங்கம்மா இருக்கு?"ன்னேன். நியாயமான கேள்விதானே? வீட்ல என்ன ஒரு மாதிரி பாத்துச்சு. வெங்காயத்த எடுத்துக்கிட்டு உள்ள போயிடுச்சு. பாவம், எட்டாவதோட நின்ன ஆளு. நான் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, மனசு கஷ்டப்படும்ல.

எங்க மாடியில ஷைனின்னு ஒரு பொண்ணு குடியிருக்கு, காலேஜ் படிக்குது. அது போன்ல ஒரு வித்தை காட்டுச்சு சார். நம்ம வேணுங்கற எழுத்தப் போட்டா, அந்த எழுத்து இருக்கற வார்த்தையெல்லாம் சரசரன்னு வந்து விழுது. விழுந்து என்ன பண்றது, ஒவ்வொண்ணும் ரயில் பொட்டி மாதிரி நீளமா இருக்கு. வாயில நுழையல. "அஞ்சுல ஒண்ணக் குறைச்சுப் போடும்மா"ன்னேன். "என்"ங்கற எழுத்த எடுத்துட்டுப் போட்டுச்சு. வந்துச்சு பாருங்க ஒரு வார்த்தை. எச், ஏ, இசட், எம், ஏ, டி. ஹஸ்மட்! அரபு நாட்டு பிரியாணிக் கடை மாதிரி எவ்வளவு கம்பீரமா இருக்கு? அந்தப் பொண்ணு, "அங்கிள், அர்த்தம் பாக்க வேணாமா?"ன்னுச்சு. "போர்டுல அர்த்தத்த யாரும்மா பாக்குறா, எழுத்துதான் முக்கியம்"னுட்டேன்.

"என்" மட்டும்தானே குறையுது? அங்கதான் சார் நம்ம மூளை வேலை செஞ்சுது. கடைசியில இன்னொரு டி, ஒரு ஓ, ஒரு என் சேத்தேன். ஹஸ்மட்டன்! சொல்லிப் பாருங்க. உள்ள மட்டன் வருதா? நம்ம மெஸ்ஸுல மட்டன் சுக்காதான் பேரு போனது. அஞ்சு எழுத்தும் ஆச்சு, மட்டனும் ஆச்சு. யாருக்கு வரும் இந்த யோசனை? யாருகிட்டயும் கேக்கல, வீட்லகிட்டக் கூடச் சொல்லல. திடீர்னு காட்டிச் சந்தோஷப்படுத்தணும்னு போர்டு அடிச்சுக் கொண்டாந்து மாட்டிட்டேன். செகப்பும் மஞ்சளும், கீழ ஆட்டுத் தலை படம்.

மறுநாள் மத்தியானம் பசங்க சாப்பிட வந்தானுங்க. அதுல ஒருத்தன், ரியாஸ்னு, ஏதோ மருந்து ஃபேக்டரியில வேலை. போர்டப் பாத்தவன் நடுரோட்டுலயே உக்காந்து சிரிக்கிறான். எழுந்திருக்கவே மாட்டேங்கறான். "அண்ணே, எங்க ஃபேக்டரியில விஷ மருந்து வைக்கிற ரூம்ல இதத்தான் எழுதியிருக்கும். தொட்டா ஆபத்துன்னு அர்த்தம். நம்ம அக்கா சோத்துக்கு இதையா போர்டா மாட்டுவீங்க?"ங்கறான். தெருவே சிரிக்குது. நானும் சேந்து சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது, போர்டுதானே, கழட்டினாப் போச்சு.

வீட்ல மட்டும் சிரிக்கல. கையில சாம்பார்க் கரண்டியோட வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் வந்தவனுங்க எல்லாருக்கும் வயிறாரப் போட்டுச்சு. ஒருத்தனையும் பட்டினியா அனுப்பல. பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்துச்சு. சாயங்காலம் பாத்தா பையில துணி எடுத்து வைக்குது.

"என்னாச்சு இப்ப?"ன்னேன்.

"ஒண்ணும் ஆகல. அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"போர்டு போனா இன்னொண்ணு மாட்டிக்கலாம். பேருதானே, கிடைக்கும்."

அப்பச் சொல்லுச்சு சார். நல்லா ஞாபகம் இருக்கு. "பேரு இந்த வீட்டுக்குள்ளயேதான் இருக்கு. உங்க கண்ணுக்குத்தான் தெரியல. தெரிஞ்சா மணப்பாறைக்கு வாங்க. வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, வரேன்"னுச்சு. அவ்வளவுதான். சண்டை இல்ல, சத்தம் இல்ல. பஸ் ஏறிப் போயிடுச்சு.

என் மனசு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. நான் யாருக்காக இந்தப் பாடு பட்டேன்? ராவா பகலா இங்கிலீஷ் தேடினது யாரு? ஒரு பாராட்டு வேணாம், இப்படி விட்டுட்டா போறது? கடை பூட்டிக் கிடக்கு. பசங்க தெனம் வந்து, "அக்கா எப்பண்ணே வரும்?"னு கேட்டுட்டு எதிர்ல பரோட்டா கடைக்குப் போறானுங்க. நான் ஒரு நாள் சாம்பார் வச்சுப் பாத்தேன். ரியாஸ் ஒரு வாய் வச்சுட்டு, "அந்தப் போர்ட மறுபடி மாட்டுங்கண்ணே"ன்னான்.

கடை கூடப் பரவாயில்ல சார், உண்மையச் சொல்றேன். காலையில கண்ணு முழிச்சா வீட்டுல சத்தமே இல்ல. பாத்திரம் உருளுற சத்தம் இல்ல, "ஏங்க, பால் வந்துடுச்சா?"ங்கற சத்தம் இல்ல. நான் பேசினா நானே கேட்டுக்கணும். வீட்ல இல்லாம வீட்டுல இருக்க முடியல சார். சொல்லக் கூச்சமா இருக்கு, ஆனா முடியல.

சரி, வீட்டுக்குள்ளயே இருக்குன்னு சொல்லிட்டுப் போச்சுல்ல? விடுவேனா? தேட ஆரம்பிச்சேன். மிக்ஸியத் திருப்பி அடியில என்ன எழுதியிருக்குன்னு பாத்தேன். ஃப்ரிட்ஜப் பாத்தேன். குக்கர், கிரைண்டர், டிவி ரிமோட், பல்லு விளக்குற பேஸ்ட்டு, மசாலா பாக்கெட்டு, ஒண்ணு விடல. பீரோ மேல ஏறி அகிலா கல்யாணத்துக்கு வந்த கிஃப்ட் பெட்டி மேல எழுதினதையெல்லாம் படிச்சேன். எங்கயும் இசட் இல்ல, இருந்தா எம் இல்ல.

முந்தாநாள் தொண்டைக் கட்டு சார். பரோட்டா கடை சால்னா ஒத்துக்கல. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. வீட்டுக்கு வந்து ஒண்ணப் போட்டுட்டு, சும்மா அந்த அட்டையத் திருப்பிப் பாக்குறேன். நெஞ்சு நின்னுடுச்சு. அஸித்ரோமைசின்! டி இருக்கு, எச் இருக்கு, எம் இருக்கு, என் இருக்கு, இசட் இருக்கு! எண்ணிப் பாருங்க, ஒண்ணு குறையாது. ஒரே வார்த்தை. அதுவும் வீட்டுக்குள்ள! வீட்ல ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே அலமாரியில பழைய அட்டை ஒண்ணு இருந்திருக்கு, அதத்தான் பாத்துட்டுச் சொல்லியிருக்கு. எட்டாவது படிச்ச ஆளுக்கு எவ்வளவு கூர்மை பாருங்க. நான்தான் கவனிக்கல.

இப்ப அதத்தான் சொல்லப் போறேன். மச்சான் வீட்டு வாசல்ல நிக்கிறேன், "அஸித்ரோமைசின் மெஸ்"ஸுன்னு ஒரே கூப்பாடு, பைய எடுத்துக்கிட்டு ஓடி வரணும் வீட்ல. எப்படி இருக்கு பேரு? கொஞ்சம் நீளம்தான், பழகிடும். இந்தத் தடவை அர்த்தமும் பாத்துட்டேன். கிருமியக் கொல்லுதாம். சாப்பாட்டுக் கடைக்குச் சுத்தம் முக்கியம்ல?

என்ன சார், சிரிப்ப அடக்குறீங்க? சிரிங்க, தாராளமாச் சிரிங்க. எனக்கே சந்தோஷத்துல சிரிப்புத்தான் வருது.

வீட்ல பேரா? எதுக்கு சார் கேக்குறீங்க? இல்ல, சொல்றதுக்கு என்ன. நமக்குப் பேரச் சொல்ற பழக்கமே இல்ல, அதான். கல்யாணமான புதுசுல பெரியவங்க முன்னாடி பொண்டாட்டியப் பேர் சொல்லிக் கூப்பிட்டா என் தம்பிங்க கேலி பண்ணுவானுங்க. கூச்சப்பட்டுக்கிட்டு "இந்தாம்மா"ன்னு ஆரம்பிச்சேன். அப்புறம் அகிலா பொறந்தா, "அகிலா அம்மா" ஆயிடுச்சு. பசங்களுக்கு "அக்கா". பேரு ஆதார் கார்டுல மட்டும்தான் இருக்கு. தேன்மொழி. நல்ல பேருதான், இல்ல?

இங்கிலீஷ்ல எப்படி எழுதுவோம்னா கேக்குறீங்க? அதுல ஒரு பெரிய கதை இருக்கு சார். ஆதார் எடுக்கப் போனப்ப அந்தப் பையன் எல்லு போட்டுட்டான். படிச்சா தேன்மொலின்னு வருது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "யாருடா மொலி? ழ-வுக்கு இசட் எச் போடுடா"ன்னேன். "எல்லாரும் இப்படித்தான் சார் போடுறாங்க"ங்கறான். "எவன் வேணா எப்படி வேணா போட்டுக்கட்டும், என் பொண்டாட்டி பேர எவனும் தப்பா எழுதக் கூடாது"ன்னு ஆபீசே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தி, மத்தியானம் வரைக்கும் நின்னு மாத்த வச்சுட்டுத்தான் வந்தேன். வீட்லக்கு அன்னிக்கு அவ்வளவு பெருமை. பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் அந்தச் சீட்டத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டே வந்துச்சு. இப்பக் கேட்டாலும் தூக்கத்துல சொல்லுவேன். டி, எச், ஈ, என், எம், ஓ, இசட், எச்...

இருங்க சார்.

இருங்க, பேசாதீங்க. மறுபடி சொல்லிப் பாக்குறேன். டி இருக்கு. எச் இருக்கு, ரெண்டு தடவை இருக்கு. என் இருக்கு. எம் இருக்கு.

இசட்டு. நானே சண்டை போட்டு வாங்கினது.

அட மடையா. உங்களச் சொல்லல சார், என்னச் சொல்றேன். அப்ப அந்த நாகரத்தினம், நான் போன் பேசப் போன நேரத்துல... வீட்ல தலையக் குனிஞ்சு சிரிச்சது... "தமிழ்ப் பேரா இருந்தா ஆகாதா"ன்னு கேட்டுச்சே சார், வெங்காயம் உரிச்சுக்கிட்டே! அதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்? வேணாம், நீங்க திருப்பிச் சொல்லாதீங்க.

பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, வரேன்னுச்சே. அது கடைப் பேரு இல்ல சார். நான் மாத்திரை அட்டையத் தூக்கிக்கிட்டுப் போயி வாசல்ல நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்? மச்சான் என்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாரு.

சரி, இப்ப எப்படிக் கூப்பிடுறது? சிரிக்காதீங்க சார், எனக்கு நெஜமாவே படபடன்னு வருது. உங்ககிட்டச் சொல்ல முடியுது, அதுகிட்ட எப்படிச் சொல்றது? சொல்லிப் பாக்குறேன் இருங்க. இந்தாம்மா தேன்... பாத்தீங்களா, "இந்தாம்மா" முன்னாடி வந்து நிக்குது. தே... தே... ஆயிரம் சேலைக்குப் பேரு சொல்லி வித்த வாயி சார் இது. ஒத்தப் பேருக்கு இப்படி ஒட்டிக்குது.

மணப்பாறை வந்துடுச்சு போல, முறுக்குக்காரங்க ஏறிட்டாங்க. மச்சான் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதான். ஆனா நீளமான வீடு சார், அடுப்படி கடைசியில இருக்கு. அவ இந்நேரம் அங்கதான் நிப்பா. எந்த வீட்டுக்குப் போனாலும் அவளுக்கு அடுப்படிதான். வாசல்ல நின்னு மெதுவாச் சொன்னாக் கேக்காது. மச்சான், அவரு சம்சாரம், அக்கம் பக்கம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாத்தான் கூப்பிடணும். கேக்கட்டும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

வரேன் சார், நல்லபடியாப் போயிட்டு வாங்க. கொஞ்சம் வழி விடுங்கம்மா, எறங்கணும். தேன்மொழி! உங்களக் கூப்பிடலம்மா, பயப்படாதீங்க, நீங்க முறுக்கு வாங்குங்க. கேட்டீங்களா சார்? முழுசா வந்துடுச்சு.